கடைசி பஸ்ஸிலிருந்து போடும் நிகழ்ச்சி நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு என்று தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் எங்கள் பக்கத்தில், நண்பர்களோடு சேர்ந்து, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருகிற கட்டற்ற மென்பொருளுக்கான கூடுகைகளை நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி நட்சத்திர ஓட்டலில் நடத்தும் மாநாடுகளின் கதை வேறு. கல்லூரி அரங்கை இரவல் கேட்டு, சாப்பாட்டுக்கு நன்கொடை திரட்டி, தன்னார்வலர்கள் நடத்துகிற கூட்டத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

நிரல் போட உட்காரும் மாணவர்கள் முதலில் பேச்சாளர் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரியுங்கள் என்பேன் நான். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போகிறவர், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போகிறவர், ஒலவக்கோட்டில் ரயில் பிடிக்க வேண்டியவர் என்று கூட்டம் நாலா பக்கமும் பிரிந்து போகும். கல்லூரிப் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். ஐந்து மணிக்கு முடியும் என்று அச்சடித்துவிட்டு ஆறரை வரை இழுத்தால், நாலரைக்கே பின்வரிசைகள் காலியாகத் தொடங்கும். கடைசியாகப் பேசுகிறவர் நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார். ஆகவே முடிகிற நேரத்தை முதலில் எழுதுங்கள். பின்னோக்கி வந்து மற்றவற்றை நிரப்புங்கள். நிரல் தாளின் அடியிலேயே பஸ், ரயில் நேரங்களையும் அச்சடித்துவிட்டால், வந்தவர்கள் கூட்டம் நடக்கும்போது கைபேசியைத் தடவிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நாள் குறிப்பதில் எல்லைப்புறத்துக்கென்று தனிச் சிக்கல் உண்டு. இரண்டு மாநில நாட்காட்டிகளைப் பார்த்தாக வேண்டும். கேரளத்தில் இரண்டாம் சனிக்கிழமை அரசு விடுமுறை, ஆனால் அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுகள் சனிக்கிழமைகளில் வருவதுண்டு. கட்டற்ற மென்பொருளைப் பரப்புவதற்கான மென்பொருள் விடுதலை நாள் பல ஆண்டுகளாகச் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் கொண்டாடப்பட்டு வந்தது. சில ஆண்டுகளில் அது ஓணத்தை ஒட்டி வந்து, கேரளக் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும். நவம்பர் நடுவில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்த் திருவிழா. பொங்கலுக்குப் பாலக்காடு போன்ற எல்லையோர மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. விடுமுறையாயிற்றே என்று அந்த நாளில் மாநாட்டை வைத்துவிடாதீர்கள். வீட்டில் பொங்கல் பானையை வைத்துவிட்டு எவரும் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பற்றிக் கேட்க வரமாட்டார்கள்.

அடுத்து, தொடக்க விழா. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. குத்துவிளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, நடுநடுவே படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒருமுறை எழுந்து நிற்பது. பத்து மணிக்குத் தொடங்கி பதினொன்றே கால் ஆகிவிடும். அரங்கம் கொடுத்த கல்லூரி முதல்வரைக் கௌரவிக்க வேண்டியது நியாயம்தான். அதைப் பதினைந்து நிமிடத்தில் செய்ய முடியும். விளக்கேற்றலும் இரண்டு நிமிட வரவேற்பும் போதும். பொன்னாடைகளை மதிய உணவுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். பசி நேரத்தில் யாரும் நீட்டிப் பேசுவதில்லை.

இனி உரைகளுக்கு வருவோம். ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் பேச்சு இருபது நிமிடம், கேள்வி ஐந்து, மாற்றம் ஐந்து. இந்தக் கடைசி ஐந்தைத்தான் பலரும் கணக்கில் வைப்பதில்லை. ஒருவர் தன் மடிக்கணினியைக் கழற்றுவார். அடுத்தவரின் கணினியில் புரொஜெக்டர் கேபிளுக்கான துளையே இருக்காது. இணைப்பான் தேடி ஒருவர் ஓடுவார். திரையில் படம் வந்தால் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அது சரியானால் எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காத நிரல் மதியத்துக்குள் அரை மணி நேரம் பின்தங்கிவிடும். முன்வரிசையில் ஒரு தன்னார்வலரைப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு உட்கார வையுங்கள். மஞ்சள் என்றால் ஐந்து நிமிடம் மிச்சம்; சிவப்பு என்றால் நன்றி சொல்லி இறங்க வேண்டும். அந்த வேலைக்குக் கூச்சமில்லாத ஆளாகப் பாருங்கள். எங்களிடம் முதலாண்டு மாணவி ஒருவர் இருக்கிறார். பேராசிரியராக இருந்தாலும் சிவப்பு அட்டையைக் கண்ணெதிரே நீட்டி, அவர் இறங்கும்வரை கையைத் தாழ்த்த மாட்டார்.

மின்னல் உரை என்ற குறும்பேச்சுக்கு ஐந்தே நிமிடம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதும் நிரலாளர்கள் நடத்திய மாநாட்டில் இந்தப் பெயரோடு தொடங்கிய வழக்கம் இன்று எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. முதன்முறை மேடை ஏறுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. சரியாக வராவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நன்றாக அமைந்தால் அடுத்த ஆண்டு முழு உரைக்கு அழைக்கலாம்.

மதிய உணவுக்குக் கணக்குப் போட்டே நேரம் ஒதுக்க வேண்டும். நூற்றைம்பது பேர், ஒரே வரிசை, ஒருவர் தட்டு நிரப்பக் கால் நிமிடம் என்றால், கடைசி ஆள் தட்டெடுக்கவே முப்பத்தேழு நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு வரிசை வைத்து, ஒரு மணி நேரமும் விடுங்கள். சாப்பிட்டதும் உரை வைத்தால் தூக்கம் வரும். அந்த நேரம் பயிலரங்குக்கு உரியது. கையில் வேலை இருந்தால் கண் மூடாது. பயிலரங்கிலும் ஒரு கணக்கு உண்டு. நாற்பது பேர் ஆளுக்கு நான்கு ஜி.பி. கோப்பு ஒன்றைக் கல்லூரியின் நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பில் இறக்கினால், இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் மூன்றரை மணி நேரம் ஆகும். பயிலரங்கே இரண்டு மணி நேரம்தான். பென் டிரைவ்களில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுங்கள். மின் நீட்டிப்புப் பலகைகளை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தாவது வாங்கி வையுங்கள்.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தைத் தமிழிலேயே படித்தவர்கள். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி நீண்ட காலமாகிவிட்டதால், லினக்ஸ் அவர்களுக்குப் புதிதல்ல; ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் இடைவிடாமல் கேட்பதுதான் புதிது. ஆகவே ஒவ்வொரு அமர்வுக்கும் எதிரே அது தமிழா, மலையாளமா, ஆங்கிலமா என்று நிரலிலேயே அச்சிட வேண்டும். இரண்டு அரங்குகள் இருந்தால், எந்த நேரத்திலும் ஓர் அரங்கிலாவது தமிழ் அல்லது மலையாளம் ஓட வேண்டும். இரண்டு தமிழ் அமர்வுகள் ஒரே நேரத்தில் மோதக் கூடாது. கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம். நெறியாளர் மாற்றிச் சொல்வார். இந்தப் பக்கத்தில் மூன்று மொழியும் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. அரங்குகளை இரண்டுக்கு மேல் கூட்டாதீர்கள். கேட்க வந்தவர்கள் சிதறிப் போவார்கள்.

நிரலில் மூன்றில் ஒரு பங்கை எழுதாமல் விடுங்கள் என்று நான் சொன்னால் குழுவில் எப்போதும் சண்டை வரும். அச்சடித்த தாளில் வெற்றிடம் இருந்தால் வேலை நடக்கவில்லை என்று நினைப்பார்களே என்பார்கள். இது புதிய யோசனை அல்ல. 1985-ல் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் திறந்தவெளிக் கூட்ட முறையை வகுத்தார். பேசுபொருளை வந்தவர்களே அன்றே முடிவு செய்வார்கள். ஓர் அமர்வில் கற்கவோ தரவோ ஒன்றும் இல்லாவிட்டால் எழுந்து அடுத்த அமர்வுக்குப் போய்விட வேண்டும். 2005-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பார்கேம்ப் என்ற இதே வகைக் கூட்டம், அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் கொச்சியில், டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்களின் உலக மாநாடு நடந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும், வந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டமே உரையில்லாத நேரத்துக்கு இவ்வளவு இடம் தந்திருக்கிறது.

எங்கள் ஊரில் இதைச் செய்ய வராந்தாச் சுவரில் பழுப்புத் தாள் ஒட்டி, நேரத்தையும் அறையையும் கட்டம் கட்டி வைக்கிறோம். விருப்பமுள்ளவர் தலைப்பைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டலாம். ஒட்டுவதற்கு செலோ டேப்தான் வேண்டும். ஆடி மாதமானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஓரம் மட்டும் பசையுள்ள வண்ணத் தாள்களைத் தோட்டம் முழுக்கப் பறக்கவிட்டுவிடும். அந்தச் சுவரில் வரும் தலைப்புகள் எந்தத் தேர்வுக் குழுவுக்கும் தோன்றாதவை. பால் சொசைட்டிக் கணக்கை லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் எழுதுவது எப்படி என்று ஒருவர் ஒட்டினார். மர நிழலில் நடந்த அந்த அமர்வுக்கு வந்த கூட்டம் பெரிய அரங்குக்கு வரவில்லை.

பேச விரும்புகிறவர்களிடம் முன்மொழிவு கேட்டு அழைப்பு விடுவதற்கும் மாநாட்டுக்கும் இடையே மூன்று மாதமாவது வேண்டும். ஜனவரி இறுதியில் நடத்த நினைப்பவர்கள் அக்டோபரிலேயே அறிவித்துவிட வேண்டும். முன்மொழிவுகளைச் சேர்க்கவும் நிரல் அடுக்கவும் பிரிடாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சிறிய கூட்டத்துக்கு ஒரு விரிதாளே போதும். வருகிறேன் என்றவர்களில் ஒருவர் எப்படியும் வரமாட்டார். எந்த நேரமும் பேசத் தயாராக உள்ளூர்க்காரர் இருவரைச் சொல்லி வையுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கும் காரணத்தோடு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், சுவரில் இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

நன்றி, வணக்கம்.