எண் 127

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவது டயானாவின் கொடிவழியைப் பற்றி. காதால் கேட்பதைவிடக் கையால் எழுதிப் பார்த்தால்தான் இது மனதில் தங்கும்.

1961-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இங்கிலாந்தில், சாண்ட்ரிங்காம் அரச பண்ணையில் இருக்கும் பார்க் ஹவுஸ் என்ற வீட்டில் பிறந்தவர் டயானா. 20 வயதில் இளவரசர் சார்லஸுக்கு மனைவியானார். சாதாரண வீட்டுப் பெண்ணுக்கு ராஜகுமாரன் கிடைத்தான் என்று நம் ஊர்த் திண்ணைகளில்கூட அன்று பேசிக்கொண்டார்கள். சாதாரண வீடு அல்ல அது. ஸ்பென்சர் குடும்பம் ஆல்தோர்ப் என்ற ஊரில் 1508-இலேயே நிலம் வாங்கி ஆடு வளர்த்துச் செல்வம் சேர்த்தது. பிறகு எர்ல் என்ற பிரபுப் பட்டமும் பெற்றது. அந்த வீட்டுக்குள் அரச ரத்தம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தாளின் அடியில் டயானா என்று எழுதி, பக்கத்தில் 1 என்று போடுங்கள். அப்பா ஜான் ஸ்பென்சர், எண் 2. அம்மா பிரான்சஸ், எண் 3. இனி விதி ஒன்றுதான். யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. ஐரோப்பாவில் வம்சாவளி எழுதுகிறவர்கள் பல காலமாகப் பின்பற்றும் முறை இது. இதில் ஆண்களுக்கெல்லாம் இரட்டை எண், பெண்களுக்கெல்லாம் ஒற்றை எண். தொடங்கும் ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு. பத்துத் தலைமுறை மேலே போனால் 1024 இடங்கள் வரும். ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் வாழ்ந்திருக்கிறார்.

முதலில் அப்பா பக்கம் ஏறுவோம். 2-இன் அப்பா 4, ஏழாம் எர்ல் ஸ்பென்சர். அவருடைய அப்பா 8, ஆறாம் எர்ல். அவருடைய அம்மா 17, அடிலேட் சீமோர். அடிலேடின் அப்பா 34, ஹொரேஸ் சீமோர். அவருடைய அப்பா 68, ஹியூ சீமோர் என்ற கடற்படைத் தளபதி. அவருடைய அம்மா 137, இசபெல்லா ஃபிட்ஸ்ராய். இந்தப் பெயரில் சற்று நில்லுங்கள். ஃபிட்ஸ் என்றால் மகன், ராய் என்றால் அரசன். அரசனுக்குப் பிறந்தும் அரியணைக்கு உரிமை இல்லாத பிள்ளைக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர் அது. இசபெல்லாவின் அப்பா 274, இரண்டாம் கிராஃப்டன் டியூக். டியூக் என்பது எர்லைவிட உயர்ந்த பட்டம். அவருடைய அப்பா 548, ஹென்றி ஃபிட்ஸ்ராய், முதலாம் கிராஃப்டன் டியூக். ஹென்றியின் அப்பா 1096. அவர்தான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ். தாய் பார்பரா வில்லியர்ஸ், அரசரின் மனைவி அல்ல.

இன்னொரு பாதை அப்பாவின் அம்மா வழியாகப் போகிறது. எண் 5, சிந்தியா ஹாமில்டன். அவருடைய அம்மா 11, ரோசலிண்ட் பிங்காம். அவருடைய அம்மா 23, செசிலியா. செசிலியாவின் அப்பா 46, ஐந்தாம் ரிச்மண்ட் டியூக். அங்கிருந்து 92, 184, 368, 736 என்று அப்பா வழியிலேயே ஏறினால் 1472-இல் நிற்கிறோம். அங்கே இருப்பவர் யார் தெரியுமா? மறுபடியும் இரண்டாம் சார்லஸ். இந்த முறை தாய் லூயிஸ் தெ கெருவாய், பிரான்ஸின் பிரிட்டனியிலிருந்து வந்தவர். ஒரே மனிதர் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறார். கொடிவழி எழுதுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நம் ஊரில் அத்தை மகளைக் கட்டிய குடும்பங்களில் பாட்டனார் பெயர் இரண்டு பக்கமும் வருவது போலத்தான். எண்கள் பெருகிக்கொண்டே போகும், ஆட்கள் அப்படிப் பெருகமாட்டார்கள்.

மூன்றாவது பாதைக்கு எண் 34-க்குத் திரும்புங்கள். ஹொரேஸ் சீமோரின் அம்மா 69, ஆன் ஹொரேஷியா வால்ட்கிரேவ். இவரை நாம் கண்ணால் பார்க்கலாம். எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில், ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1780-இல் வரைந்த மூன்று சகோதரிகளின் ஓவியம் இருக்கிறது. மூவருக்கும் வெள்ளை உடை, மேலே தூக்கிச் சீவிய தலைமுடி. நடுவில் ஒரு சிறிய மேசை. இருவர் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருக்க, வலது ஓரத்தில் ஆன் ஹொரேஷியா தலை குனிந்து பின்னல் வேலையில் இருக்கிறார். அவருடைய அப்பா 138, இரண்டாம் எர்ல் வால்ட்கிரேவ். தாத்தா 276, முதலாம் எர்ல். அப்பாவுக்கும் மகனுக்கும் ஜேம்ஸ் என்றே பெயர். முதல் முறை எழுதியபோது நான் இருவரையும் ஒருவர் என்று எண்ணிவிட்டேன். அதற்கு மேலே இருந்த எல்லா எண்களும் தப்பாகிப்போயின. அழித்துத் திரும்ப எழுதினேன். 276-இன் அம்மா 553, ஹென்ரியட்டா ஃபிட்ஸ்ஜேம்ஸ். இங்கும் ஃபிட்ஸ். அவருடைய அப்பா 1106, அரசர் இரண்டாம் ஜேம்ஸ், அதாவது இரண்டாம் சார்லஸின் உடன்பிறந்த தம்பி. தாய் அரபெல்லா சர்ச்சில். அவரும் அரசரின் மனைவி அல்ல.

அரபெல்லாவின் தம்பி ஜான் சர்ச்சில், மார்ல்பரோ டியூக். அவரும் டயானாவின் நேரடி மூதாதை, எண் 514. 1688 நவம்பரில் அரசரை எதிர்த்து நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தில் இறங்கியபோது, அரசர் ஜேம்ஸின் பாசறையிலிருந்து நழுவி எதிரியிடம் போனவர்களில் முக்கியமான இருவர் இந்தச் சர்ச்சிலும் கிராஃப்டன் டியூக்கும். தாளைப் பாருங்கள். 1106-ஐக் கைவிட்டவர்கள் 514-உம் 548-உம். ஒருவர் அரசருடைய காதலியின் தம்பி, மற்றவர் அரசருக்கு அண்ணன் மகன். மூவருமே ஒரு பெண்ணின் முன்னோர்கள். வரலாற்றுப் புத்தகத்தில் கட்சிகளாகத் தெரிந்தவர்களைக் கொடிவழியில் குடும்பமாகப் பார்க்கும் அந்த நொடிக்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

இரண்டாம் சார்லஸ் வரை வந்துவிட்டால் ஐரோப்பாவின் அரண்மனைக் கதவுகள் எல்லாம் திறந்துகொள்ளும். அவருடைய தாய் ஹென்ரியட்டா மரியா, பிரான்ஸ் அரசர் நான்காம் ஹென்றியின் மகள். ஹென்ரியட்டாவின் தாய் பிளாரன்ஸின் மரி தெ மெடிசி. மரியின் தாய் ஆஸ்திரியாவின் ஜோவன்னா, ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் பெர்டினாண்டின் மகள். பெர்டினாண்டின் தாய் காஸ்டிலின் ஹுவானா. அவருடைய தாய்தான் கொலம்பஸைக் கடலுக்கு அனுப்பிய அரசி இசபெல்லா. கிராஃப்டன் பாதை வழியே எண்ணினால் அரசி இசபெல்லாவுக்கு 70203. அப்பா வழியில் டென்மார்க்கும் ஸ்காட்லாந்தும் வரும். இதற்கு மேல் நான் விரிக்கப்போவதில்லை. அரசர்களின் பட்டியலை எழுதி வைக்க ஒவ்வொரு அரண்மனையிலும் ஆள் இருந்தார்கள். நமக்கு அங்கே தேட வேண்டிய சிரமமே இல்லை.

இரண்டாம் சார்லஸுக்கு முறைப்படி மணந்த மனைவி உண்டு. போர்ச்சுகல் இளவரசி கேத்தரின். 1662-இல் திருமணம். அவருக்குப் பிள்ளை தங்கவில்லை. அதனால்தான் அரியணை தம்பி ஜேம்ஸுக்குப் போனது. சார்லஸுக்குப் பிறகு இன்றுவரை ஆண்டவர்களில் ஒருவர்கூட அவருடைய வழியில் வந்தவர் அல்லர். டயானாவின் மகன் வில்லியம் முடிசூடினால் அவர்தான் முதல் ஆள், அதுவும் தாய் டயானா வழியாக. இந்தக் கேத்தரின் கொண்டுவந்த சீதனத்தில் ஒரு தீவு இருந்தது. பம்பாய். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத சார்லஸ், 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். கம்பெனியின் மேற்குக்கரைத் தலைமையிடம் அதுவரை சூரத்தில் இருந்தது. 1687-இல் பம்பாய்க்கு மாறியது.

சூரத் என்ற பெயரை நினைவில் வையுங்கள். இனி டயானாவின் தாய் பக்கம் போகிறோம்.

இங்கே அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று மட்டும் ஏறப்போகிறோம். 3, பிரான்சஸ். 7, ரூத் கில், பியானோ வாசித்தவர், எலிசபெத் அரசியாரின் தாயாருக்குப் பல ஆண்டுகள் அணுக்கத் தோழியாக இருந்தவர். 15, ரூத் லிட்டில்ஜான். 31, ஜேன் குரோம்பி. 63, கேத்தரின் ஸ்காட் ஃபோர்ப்ஸ். இவர்கள் எல்லாம் ஸ்காட்லாந்தின் அபர்டீன் வட்டாரத்துக் குடும்பங்கள். அரச வாடையே இல்லாத பக்கம் இது. ஆனால் கேத்தரின் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல. 1812-இல் இந்தியாவில் பிறந்தார். அப்பா தியடோர் ஃபோர்ப்ஸ், சூரத்தில் கம்பெனி வேலை பார்த்த இளைஞர். அம்மா எலிசா கெவார்க். அவருடைய எண் 127.

அதே காலத்தில் தாளின் மறுபக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கேத்தரின் சூரத்தில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த 1815 ஜூனில், பிரஸ்ஸல்ஸ் நகரில் ரிச்மண்ட் டியூக்கின் மனைவி, எண் 93, பெரிய நடன விருந்து வைத்தார். நெப்போலியன் நெருங்கிவிட்டான் என்ற செய்தி அந்த விருந்துக்கு நடுவில்தான் வந்தது. மூன்றாம் நாள் வாட்டர்லூ போரில் குதிரைப்படைத் தலைவர் அக்ஸ்பிரிட்ஜ் பிரபு, எண் 94, ஒரு காலை இழந்தார். அவருக்கு உதவி அதிகாரியாகப் பக்கத்தில் குதிரையில் இருந்தவர் ஹொரேஸ் சீமோர், நாம் முன்பு பார்த்த 34. ஒரு மூலையில் பீரங்கிப் புகை, இன்னொரு மூலையில் தப்தி ஆற்றங்கரையில் ஒரு பெண் குழந்தை. இந்த இரண்டு மூலைகளும் ஒரு தொட்டிலில் வந்து சேர இன்னும் 146 ஆண்டுகள் இருந்தன.

எலிசாவை ஆர்மீனியப் பெண் என்றே குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். சூரத்தில் ஆர்மீனிய வணிகர்கள் நீண்ட காலமாக வாழ்ந்தவர்கள். கெவார்க் என்பதும் கெவோர்க் என்ற ஆர்மீனியப் பெயரின் திரிபுதான். தியடோரின் காகிதங்களில் அவர் மனைவி என்று குறிக்கப்படவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் என்றே வருகிறார். தியடோர் பிறகு எலிசாவைச் சூரத்திலேயே விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போனார். மகள் கேத்தரினைச் சிறுவயதிலேயே கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். தியடோர் 1820-இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார். கேத்தரின் அங்கே வளர்ந்து, மணந்து, அபர்டீன் பெண்ணாகவே வாழ்ந்தார்.

2013-இல் இந்தக் கதையில் ஒரு திருப்பம் வந்தது. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இழைமணி என்ற சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குத் தனி மரபணு உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். மகன் அதைப் பெறுவான், தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டான். மகள்தான் கடத்துவாள். எலிசாவிலிருந்து மகள் வழியாகவே வந்த டயானாவின் உறவினர்களிடம் எச்சில் எடுத்துப் பரிசோதித்தார்கள். கிடைத்தது ஆர்30பி என்ற வகை. ஏறக்குறைய தெற்காசியாவில் மட்டுமே காணப்படுவது, இங்கேயும் அரிதானது. எலிசாவின் அப்பா ஆர்மீனியராக இருக்கலாம், அதை இந்தச் சோதனை மறுக்கவில்லை. அவருடைய அம்மா வழி இந்த மண்ணைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. வில்லியமும் ஹாரியும் அதை உடலில் சுமக்கிறார்கள். டயானாவின் வழியில் அவர்களோடு அந்த இழை நின்றுவிடும்.

இந்தத் தாளை எழுதி முடித்தபோது என் மனதை அறுத்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். பார்பரா, லூயிஸ், அரபெல்லா, எலிசா. நால்வருமே தங்கள் பிள்ளையின் தகப்பனோடு தாலி கட்டாத, மோதிரம் மாற்றாத பெண்கள். ஓவியத்தில் பார்த்த ஆன் ஹொரேஷியாவின் பாட்டி, எண் 279, டோரதி கிளமென்ட், தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். அவரும் அப்படியே. டயானாவுக்கு சார்லஸ், ஜேம்ஸ் என்ற அந்த ஸ்டூவர்ட் வம்சத்து அரசர்களின் ரத்தத்தையும் சூரத்தையும் கொண்டுவந்த வாசல்கள் முதலில் சொன்ன நால்வர்தான். பார்பராவின் மகனுக்கும் லூயிஸின் மகனுக்கும் 1675-இல், சிறுவர்களாக இருக்கும்போதே, டியூக் பட்டம் கிடைத்தது. பார்பராவின் மகனுக்கு அரசனின் மகன் என்று பெயரிலேயே எழுதிக்கொடுத்தார்கள். எலிசாவிடமிருந்து மகளைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். அந்தத் தாய் சூரத் துறைமுகத்தின் பக்கம் அதன் பிறகு எப்படித் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

127-க்கு மேலே விதிப்படி இரண்டு இடங்கள் உண்டு. எலிசாவின் அப்பா 254, அம்மா 255. என் தாளில் 1096-க்கு எதிரே இரண்டாம் சார்லஸின் பட்டங்கள் இரண்டு வரிக்கு நீள்கின்றன. 255-க்கு எதிரே பெயர் இல்லை. அந்த வகையை மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், ஆர்30பி என்று.

வணக்கம்.