கழுதையைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த ராஜ்யம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மதுரையில், வைகைக் கரையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் பாலத்தில் போகிற வண்டிச் சத்தம் அவ்வப்போது கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எதற்காக இங்கே வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1962ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகம். ஒரு சனிக்கிழமை, அங்கே புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போகிறார். பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடத்தான் போனார். கையில் சிக்கியது 1937இல் உ.வே.சாமிநாதையர் உரையோடு வெளியிட்ட குறுந்தொகை. புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்டுகிறார். உரை புரிகிறது. உரையைப் பிடித்துக்கொண்டு போனால் பாட்டும் திறக்கிறது. அவர் வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் சங்கப் பாட்டு எதையும் முறையாகப் படித்தவரில்லை. பைபிளில் கழுதையைத் தேடிப் போனவன் ராஜ்யத்தைக் கண்டெடுத்தான் அல்லவா, தன் நிலையும் அதுதான் என்று பிற்பாடு எழுதினார். அவர்தான் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன். கணித மேதை ராமானுஜன் வேறு, இவர் வேறு.

மொழி கற்றுக்கொடுத்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1929இல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். கீழே அடுக்களையில் அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் இறங்கினால் கன்னடம். அப்பா கணிதப் பேராசிரியர், வானியல் தெரிந்தவர், அதோடு சோதிடமும் பார்ப்பவர். வெளிநாட்டு வானியலாளர்களும் வருவார்கள், உள்ளூர் சோதிடர்களும் வருவார்கள். இது பையனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. புதிதாகக் கண்டுபிடித்த கிரகங்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அதற்கேற்ற திருத்தம் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் என்பாராம் அப்பா. கீதை பாராயணமும் பகுத்தறிவுத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஒரே ஆளுக்குள் எப்படி என்று கேட்டதற்கு, மூளைக்கு இரண்டு மடல் இருப்பது உனக்குத் தெரியாதா என்று பதில். பல வருடம் கழித்து, இந்தியர்கள் சிந்திப்பதற்கென்று தனி முறை இருக்கிறதா என்று கேட்கும் தன் புகழ்பெற்ற கட்டுரையை அவர் இந்த அப்பாவிடமிருந்துதான் தொடங்குகிறார். எனக்கு அந்தக் கட்டுரை பிடித்துப்போனதே இதனால்தான். பெரிய கேள்விக்கு வீட்டு மாடிப்படியிலிருந்து வழி தேடுகிறார்.

சரி, படிப்பும் வேலையும். மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தார். கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று பல ஊர்களில் பாடம் நடத்தினார். புனேயில் மொழியியல் படித்து, 1959இல் அமெரிக்கா போய், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கன்னட இலக்கணத்தில் ஆய்வு செய்து 1963இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தின வருடமே சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார், கடைசி வரை சிகாகோதான்.

மொழியியல், கவிதை, விமர்சனம் என்று தனித்தனி அலமாரியில் வைத்துத்தான் இவரை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் மொழிபெயர்ப்பைத் தமிழ் மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஒரே ஒரு பாட்டைக் காட்டுகிறேன். நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த குறுந்தொகை நாற்பதாவது பாட்டு.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

முதல் மூன்று வரியை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். யாயும் ஞாயும். எந்தையும் நுந்தையும். யானும் நீயும். வரிக்கு ஒரு ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு 'உம்'. நாலாவது வரியில் 'உம்' காணாமல் போய்விடுகிறது. செம்புலப் பெயல்நீர், அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீர். அங்கே இருப்பது ஒரே பொருள், மண்ணின் நிறம் ஏறிய தண்ணீர். இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு வந்த பாட்டு அங்கே எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. பாடியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, இந்தச் சொல்லை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம்.

ராமானுஜன் இதை ஆங்கிலத்தில் 'செம்மண்ணும் பெய்யும் மழையும்' என்று ஆக்கினார். தமிழ் விட்டுவிட்ட அந்த 'உம்'மை அவர் திரும்பக் கொண்டுவந்து நாலாவதாகவும் ஒரு ஜோடி வைக்கிறார். ஏதோ ஒன்று போய்விட்டது என்று எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் நெஞ்சங்கள் கலந்தது முதலில் வந்துவிடுகிறது, மண்ணும் மழையும் கடைசியில் வந்து நிற்கின்றன. பாட்டு முடியும்போது காதில் மழைதான் இருக்கிறது. என் மனசில் மூலம்தான் ஒரு படி மேலே. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கவிதை இப்படித்தான் முடிய வேண்டும் என்று தெரிந்த கவிஞனின் காது அந்த இடத்தில் வேலை செய்திருக்கிறது, அதை மறுக்க முடியாது.

இது அகராதியை வைத்துக்கொண்டு செய்கிற காரியமில்லை. தமிழில் அடை, உவமை எல்லாம் முன்னால் வந்து, வினை கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அது தலைகீழ், கிட்டத்தட்ட கண்ணாடியில் பார்ப்பது போல. ஐங்குறுநூற்றில் தலைவி தன் தோழியிடம், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது, அவர் நாட்டில் தழை மூடிய குழியில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் தண்ணீர் என்கிறாள். தமிழில் 'கலிழி நீரே' என்று தண்ணீரில் போய் முடியும் பாட்டு. இந்தப் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்து, தமிழ் வாக்கியம் எந்தப் பக்கம் கிளை விடுகிறது, ஆங்கிலம் எந்தப் பக்கம் விடுகிறது என்று விளக்கி அவர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மொழியியல்காரர் கண்டுபிடித்ததைக் கவிஞர் எடுத்துப் பயன்படுத்துகிறார். கவிஞர் என்ன செய்தார் என்பதை விமர்சகர் எழுதி வைக்கிறார்.

அந்தக் கட்டுரையின் முடிவில் ஒரு கதை வருகிறது. சீனச் சக்கரவர்த்தி ஒருவர் மலையைக் குடைய இரண்டு பக்கமிருந்தும் ஆள் அனுப்புகிறார். நடுவில் சந்திக்காமல் போய்விட்டால் என்று மந்திரி கேட்கிறார். ஒன்றுக்கு இரண்டு சுரங்கப் பாதை கிடைக்குமே என்கிறார் ராஜா.

குறுந்தொகை மொழிபெயர்ப்பு 1967இல் வந்தது. 1973இல் பசவண்ணர், அக்கமகாதேவி, அல்லமப் பிரபு, தேவர தாசிமய்யா ஆகியோரின் கன்னட வசனங்கள், அதாவது சிவபக்திக் கவிதைகள். 1976இல் கன்னட எழுத்தாளர் அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல். 1981இல் நம்மாழ்வார் பாசுரங்கள். அதன் தலைப்பில், மூழ்குகிறவர்களுக்கான பாடல்கள் என்று 'ஆழ்வார்' என்ற சொல்லையே திறந்து வைத்திருப்பார். இதற்கு நடுவே ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொந்தக் கவிதைத் தொகுப்புகள், கிழவிகளிடம் கேட்டுத் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள்.

முந்நூறு ராமாயணங்கள் பற்றிய கட்டுரையைச் சொல்லாமல் போகக் கூடாது. வால்மீகியில் அகலிகை எப்படி, கம்பனில் எப்படி, சமணர்கள் ராவணனை எப்படிப் பார்த்தார்கள், தாய்லாந்தில் கதை எப்படி மாறுகிறது என்று பொறுமையாகப் போகும் கட்டுரை. அதில் அத்யாத்ம ராமாயணத்திலிருந்து ஓர் இடம் காட்டுவார். காட்டுக்கு வர வேண்டாம் என்று ராமன் தடுக்கும்போது, இதற்கு முன் எத்தனையோ ராமாயணம் வந்திருக்கிறது, சீதை கூடப் போகாத ராமாயணம் ஒன்றாவது உண்டா என்று கேட்கிறாள் சீதை. இப்படி ஒரு கட்டுரையை எதிர்ப்பு காரணமாக 2011இல் டெல்லி பல்கலைக்கழகம் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கம்பனை இவ்வளவு பிரியமாக உலகத்துக்கு எடுத்துச் சொன்ன எழுத்து அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1993 ஜூலை 13, சிகாகோவில், ஓர் அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது இறந்துபோனார். வயது 64. கவிதைகள் முழுத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்ததும் அதற்குப் பிறகு, 1999இல்.

இப்போது வைகைக்கு வருகிறேன். 1966இல் வெளிவந்த அவருடைய முதல் ஆங்கிலத் தொகுப்பில் இந்த ஆற்றைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. மதுரைக் கவிஞர்கள் வெள்ளம் வந்தால்தான் ஆற்றைப் பாடுகிறார்கள் என்கிறார். வெள்ளம் மூன்று வீடுகளையும், ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும், கோபி, பிருந்தா என்ற பெயர் கொண்ட இரண்டு பசுக்களையும் அடித்துக்கொண்டு போகிறது. புதுக் கவிஞர்களோ பழைய பாட்டையே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவள் வயிற்றில் இரட்டைப் பிள்ளை இருந்ததை யாரும் பாடவில்லை. இலக்கிய விமர்சனம் என்றால் எனக்கு இதற்கு மேல் ஒன்று வேண்டாம்.

கோடையில் வற்றிய ஆறும் அந்தக் கவிதையில் வருகிறது. மதகுக் கம்பிகளில் சிக்கிய வைக்கோலும் பெண்களின் தலைமுடியும், தூங்கும் முதலை போல ஈரக் கற்கள், மழித்த எருமை போல வெயிலில் கிடக்கும் காய்ந்த கற்கள். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். பாலத்துத் தூணுக்குக் கீழே, அந்தக் கம்பியில். வைக்கோல் தெரிகிறதா? அதோடு பின்னிக்கொண்டு கறுப்பாக ஒரு கற்றை இருக்கிறதே, அது முடிதான்.