குளோரினிடம் தோற்கும் ஃபுளூரின்

எல்லோருக்கும் வணக்கம். எலக்ட்ரான் நாட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே வரிதான்: தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போனால் கூடும், மேலிருந்து கீழே வந்தால் குறையும். தேர்வுக்கு அது போதும். ஆனால் எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு அட்டவணையில் நடந்து பார்த்தால் அந்த வரி அடிக்கடி தடுக்கி விழும். அப்படித் தடுக்கும் இடங்களில்தான் அணுவுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியும்.

வாயு நிலையில் தனித்து நிற்கும் ஓர் அணுவோடு ஓர் எலக்ட்ரான் சேரும்போது வெளியாகும் ஆற்றலே எலக்ட்ரான் நாட்டம். வெளியாகும் ஆற்றலை நேர்க்குறியிலேயே சொல்கிறேன். சில புத்தகங்கள் குறியைத் திருப்பிப் போட்டு மாணவர்களைப் படுத்துகின்றன. அந்த வம்பு இன்று வேண்டாம்.

இரண்டாம் வரிசையைப் பாருங்கள். மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்ற கணக்கில் லித்தியம் 60, போரான் 27, கார்பன் 122, ஆக்சிஜன் 141, ஃபுளூரின் 328. நடுவில் மூன்று பேரை விட்டுவிட்டேன். பெரிலியம், நைட்ரஜன், நியான் மூன்றும் வருகிற எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்வதே இல்லை. பெரிலியத்தின் இரண்டாம் கூட்டில் 2எஸ் என்ற உள்கூடு நிரம்பிவிட்டது. புதிதாக வருவது ஆற்றல் கூடிய 2பி உள்கூட்டுக்குப் போக வேண்டும். நைட்ரஜனில் 2பி-யின் மூன்று ஆர்பிட்டால்களிலும், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களிலும், ஆளுக்கு ஒன்று இருக்கிறது. நான்காவது வந்தால் ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் இணையாக நெருக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். நியானுக்கு அடுத்த கூட்டைத்தான் திறக்க வேண்டும். அணுக்கருவின் இழுப்பு வலப்பக்கம் போகப் போகக் கூடுவது உண்மைதான். ஆனால் வருகிறவருக்கு எங்கே இடம் கிடைக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

சரி, இப்போது தொகுதியில், அதாவது அட்டவணையின் மேலிருந்து கீழான பத்தியில், இறங்குவோம். முதல் தொகுதி நல்ல பிள்ளை: ஹைட்ரஜன் 73, லித்தியம் 60, சோடியம் 53, பொட்டாசியம் 48. சொன்னபடி குறைகிறது. ஹாலஜன்கள் எனப்படும் 17-ஆம் தொகுதியில் குளோரின் 349, ஃபுளூரின் 328, புரோமின் 325, அயோடின் 295. ஃபுளூரின் அல்லவா முதலில் இருக்க வேண்டும்?

ஃபுளூரின் மிகச் சிறிய அணு. அதன் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எட்டாவது வரும்போது அணுக்கரு பலமாக இழுத்தாலும் அந்த ஏழும் சேர்ந்து தள்ளுகின்றன. குளோரினின் வெளிக்கூடு விசாலமானது, தள்ளுமுள்ளு குறைவு. இதை ‘விதிவிலக்கு’ என்று ஒரு கட்டத்துக்குள் அடைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆக்சிஜன் 141, அதற்குக் கீழே கந்தகம் 200. கார்பன் 122, சிலிக்கான் 134. போரான் 27, அலுமினியம் 42. மந்த வாயுக்களைத் தவிர வலப்பக்கத் தொகுதிகள் எல்லாவற்றிலும் இரண்டாம் வரிசை மூன்றாம் வரிசையிடம் தோற்கிறது. இத்தனை பேர் சேர்ந்து மீறினால் அதற்குப் பெயர் விதிவிலக்கா?

அப்படியானால் ஃபுளூரின் ஏன் குளோரினைவிட மூர்க்கமாக வினைபுரிகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஃபுளூரின் நமக்குத் தனி அணுவாகக் கிடைப்பதில்லை, இரண்டு அணுக்கள் பிணைந்த மூலக்கூறாகத்தான் கிடைக்கிறது. முதலில் அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். ஒரு மோல் பிணைப்புக்கு ஃபுளூரினில் 159 கிலோஜூல் போதும். குளோரினில் 242 வேண்டும். ஓர் அணுவுக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் ஃபுளூரினுக்கு ஏறக்குறைய 41 மிச்சம். எலக்ட்ரான் நாட்டத்தில் அது இழந்தது 21தான். அப்புறம் ஃபுளூரைடு அயனி சிறியது என்பதால் நீரிலும் படிகத்திலும் இன்னும் அதிக ஆற்றலை வெளியிடுகிறது. ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்று உருவாகும் ஆக்சைடுகளின் கதையும் இதுதான். ஆக்சிஜனுக்கு இரண்டாவது எலக்ட்ரானைக் கொடுக்க 700 கிலோஜூலுக்கு மேல் நாம்தான் செலவழிக்க வேண்டும். அந்தக் கடனைப் படிகம் உருவாகும்போது வெளியாகும் ஆற்றல் அடைக்கிறது.

கடைசியாக ஹைட்ரஜனிடம் வருகிறேன். 73 கிலோஜூல், அதாவது ஓர் அணுவுக்கு 0.75 எலக்ட்ரான் வோல்ட், என்பது அற்பமாகத் தெரியும். சூரியனின் ஒளிமண்டலத்தில், அதாவது நாம் பார்க்கும் மேலடுக்கில், கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் கூடுதல் எலக்ட்ரானோடு எதிர் அயனியாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி எந்த நிறமானாலும் அதன் ஆற்றல் 0.75-ஐவிட அதிகம் என்பதால் இந்த அயனியால் அதை உறிஞ்ச முடிகிறது. சூரியனின் அந்த அடுக்கு ஒளிபுகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று 1939-இல் வானியலாளர் ரூபர்ட் வில்ட் சொன்னார். அந்த உறிஞ்சலைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் நம் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரும் ஒருவர். அந்தக் கூடுதல் எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் கொடுப்பவை மெக்னீசியம், இரும்பு போன்ற தனிமங்கள். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அவை அங்கே மிகச் சொற்பம். ஆனால் எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடுபவை.