மதிப்பெண் இல்லாத கேள்வித்தாள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். ஆசிரியர்களும் பெற்றோரும் மருத்துவத் துறையினரும் ஆய்வு மாணவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இந்த அரங்கில், பள்ளி வயதுக் குழந்தைகளின் நலவாழ்வுப் பழக்கங்களை எப்படி அளப்பது என்பதைப் பற்றிப் பேச அழைத்தமைக்கு நன்றி. நேராகப் பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் தயாரித்த கேள்வித்தாளை ஒரு வகுப்பில் கொடுத்துவிட்டு, மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். "கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் காலை உணவு சாப்பிட்டாய்?" என்பது அதில் நான்காவது கேள்வி. ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி அந்த இடத்தில் பென்சிலை நிறுத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். முதலில் 3 என்று எழுதினாள், ரப்பரால் அழித்தாள், பக்கத்துத் தோழியின் தாளை எட்டிப் பார்த்தாள், 7 என்று எழுதினாள். நான் அருகில் போனதும் கையால் தாளை மறைத்துக்கொண்டு, "ஏழுன்னு போட்டாத்தானே சரி?" என்று கேட்டாள்.

அன்று மாலை அவளுடைய தாளும் மற்றவற்றோடு கணினியில் ஏறியது. அந்த 7 எங்கள் சராசரியில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது எதை அளந்தது? காலை உணவு உடலுக்கு நல்லது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அவள் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது என்பதை அளந்தது. அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பதைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நம் மொழியில் தேர்வுக்குத் தருவதும் கேள்வித்தாள்தான், ஆய்வுக்குத் தருவதும் கேள்வித்தாள்தான். பெரியவர்களாகிய நமக்கு வேறுபாடு தெரியும். வகுப்பறையில், ஆசிரியர் கண்ணெதிரில், பெயரும் வரிசை எண்ணும் எழுதித் தொடங்கும் ஒரு தாள் குழந்தைக்குத் தேர்வாகத்தான் தெரியும். பிழையான விடை எழுதினால் என்ன ஆகும் என்று பல ஆண்டுகளாகக் கற்ற குழந்தை, இங்கும் சரியான விடையைத் தேடுகிறது. அளவுகோல் தேர்வாக மாறிய கணத்தில் அளப்பது நின்றுவிடுகிறது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

எதை அளக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உணவு, உடலசைவு, உறக்கம், திரைமுன் கழியும் நேரம் ஆகிய நான்கும் பெரும்பாலான அளவீடுகளில் இடம்பெறுகின்றன. வயது ஏற ஏறப் புகையிலையும் மதுவும் அந்த வரிசையில் சேர்கின்றன. சிக்கல் எல்லாம் எப்படி அளப்பது என்பதில் இருக்கிறது. உடலசைவை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மற்றவற்றின் சிக்கல்கள் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலசைவில் நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடம் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்தது. 2020-இல் அந்தப் பரிந்துரையைத் திருத்தியபோது, வாரம் முழுவதையும் கணக்கிட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று மாற்றியது. ஒரே ஒரு சொல்தான் கூடியது. ஆனால் அளப்பவருக்கு அது பெரிய மாற்றம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓடியாடிவிட்டுத் திங்களன்று அரை மணி நேரத்தோடு நின்ற சிறுவன், பழைய கணக்கில் திங்களன்று தவறிவிட்டான். மற்ற நாட்களும் சேர்ந்து வாரச் சராசரி 60-ஐத் தொட்டால், புதிய கணக்கில் அவன் தவறவில்லை. குழந்தையின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை, கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயது வரையிலான ஏறத்தாழ 16 லட்சம் மாணவர்களின் விடைகளைத் திரட்டி, 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி அந்த வயதினரில் 81 விழுக்காட்டினர் போதிய அளவு உடலசைவு இல்லாதவர்கள் என்று கணக்கிட்டது. அன்றிலிருந்து இந்த எண்ணைக் கேட்காத மேடை இல்லை. கவலைப்பட வேண்டிய எண்தான் அது. அதன் பொதுவான போக்கை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்த 81-க்கு அடியில் இருப்பவை பள்ளிகளில் மாணவர்கள் தங்கள் கையால் நிரப்பிய தாள்கள் என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். "மொத்தமாக 60 நிமிடமாவது உடலை இயக்கிய நாட்கள் கடந்த ஏழு நாட்களில் எத்தனை?" என்பது இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாக வரும் கேள்வி. பெரியவர்கள் ஒருமுறை தாமே இதற்கு விடை எழுதிப் பார்க்க வேண்டும். ஏழு நாட்களையும் தனித்தனியாக நினைவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளிலும் நடந்தது, ஓடியது, படியேறியது எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகை 60-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டிய நாட்களை எண்ண வேண்டும். கூட்டல் கணக்கையே இப்போதுதான் கற்றுத் தேர்ந்த ஒரு குழந்தையிடம் நாம் கேட்பது இதை.

கேள்வியில் உள்ள சொல்லும் வழி தவறச் செய்யும். "உடற்பயிற்சி செய்கிறாயா?" என்று தமிழில் கேட்டால், இடைவேளை முழுவதும் கயிறு தாண்டிவிட்டு வியர்வையோடு வந்து உட்கார்ந்த குழந்தை "இல்லை" என்று குறிக்கும். அவளைப் பொறுத்தவரை உடற்பயிற்சி என்பது வரிசையில் நின்று விசிலுக்குக் கையைத் தூக்குவது. கயிறு தாண்டுவது விளையாட்டு. பிறமொழிக் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு.

கருவி இந்தக் குறையைத் தீர்க்காதா என்று நீங்கள் கேட்கலாம். இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டும் முடுக்கமானி என்னும் சிறு கருவி உடலின் அசைவை நொடிதோறும் பதிவு செய்கிறது. அதற்கு ஞாபக மறதி இல்லை, ஆசிரியரிடம் நல்ல பெயர் எடுக்கும் ஆசையும் இல்லை. ஆனால் பெரியவர்களை மனத்தில் வைத்து அமைத்த கருவியைக் குழந்தைக்கு மாட்டினால் அதுவும் பிழை செய்யும். 6 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளை நேரில் உற்றுநோக்கி 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுடைய கடுமையான அசைவுகளின் இடைநிலைக் கால அளவு, அதாவது பாதி அசைவுகள் அதற்குள் முடிந்துவிடும் அளவு, வெறும் 3 நொடி என்று தெரியவந்தது; அவற்றில் 95 விழுக்காடு 15 நொடிக்குள் முடிந்துவிட்டன. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பவர் எவருக்கும் இது புரியும்: ஒரு பாய்ச்சல், சட்டென்று ஒரு நிறுத்தம், குனிந்து எதையோ பொறுக்குதல், மறுபடியும் ஒரு பாய்ச்சல். கருவி ஒவ்வொரு 60 நொடியையும் ஒரே எண்ணாகத் திரட்டினால், பத்து நொடி உயிரைக் கொடுத்து ஓடி ஐம்பது நொடி மூச்சு வாங்கிய குழந்தை, அந்த நிமிடம் முழுவதும் மெல்ல நடந்ததாகப் பதிவாகும். இதனால்தான் குழந்தைகளுக்கு 15 நொடி, 5 நொடி, சில வேளைகளில் ஒரே நொடி என்று இடைவெளியைக் குறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்போதும் இடுப்பில் இருக்கும் கருவிக்கு மிதிவண்டி மிதிப்பது சரிவரத் தெரியாது. நீந்தும்போது கழற்றி வைத்துவிட்டால் நீந்தியதும் தெரியாது. யாரோடு விளையாடினாள், ஏன் பாதியில் நிறுத்தினாள் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆகவே கருவியைக் கொண்டு கேள்வியையும், கேள்வியைக் கொண்டு கருவியையும் சரிபார்க்கும் வேலை ஓயாது.

வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ எட்டு வயதுக்குக் கீழே, காலத்தைப் பற்றிய கேள்விகளுக்குக் குழந்தையின் விடையை மட்டும் நம்புவது கடினம் என்பதால் பெற்றோரைக் கேட்கிறோம். ஆனால் பள்ளி நேரத்தில் குழந்தை என்ன செய்தது என்று பெற்றோர் பார்த்ததில்லை. 'எப்போதும்', 'அடிக்கடி', 'சில வேளை', 'எப்போதாவது', 'ஒருபோதும் இல்லை' என்று ஐந்து படிகள் கொடுத்தால் சிறு குழந்தைகள் பெரும்பாலும் முதல் படியிலோ கடைசிப் படியிலோதான் நிற்கிறார்கள். 'அடிக்கடி' என்பது வாரத்துக்கு எத்தனை முறை என்று நமக்குள்ளேயே உடன்பாடு கிடையாது. 'வழக்கமாக' என்று கேட்பதைவிட 'நேற்று' என்று கேட்பது நல்லது. ஒரு நேற்று பழக்கத்தைக் காட்டாது என்பதால், பள்ளி நாளும் விடுமுறை நாளும் கலந்து சில நேற்றுகளைக் கேட்க வேண்டும். உறக்கத்துக்கும் இதே வழிதான். 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த பரிந்துரை. இதை வைத்துக்கொண்டு "எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?" என்று கேட்டால் கிடைப்பது குத்துமதிப்பு. படுத்தது எப்போது, எழுந்தது எப்போது என்று தனித்தனியே கேட்டுக் கழித்தலை நாம் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை. மத்தியதரைக் கடல் வட்டார உணவு முறையைக் குழந்தைகள் எவ்வளவு பின்பற்றுகிறார்கள் என்று அளக்க, கிட்மெட் என்னும் குறியெண் 2004-இல் ஸ்பெயினில் வெளியானது. 16 கேள்விகள், 12-க்கு 'ஆம்' என்றால் ஒன்று கூடும், 4-க்கு 'ஆம்' என்றால் ஒன்று குறையும். அந்த வட்டாரத்துக்கு அது பயனுள்ள கருவி. ஆனால் வீட்டில் ஆலிவ் எண்ணெய் பயன்படுத்துகிறார்களா என்பதும் அதில் ஒரு கேள்வி. அந்த எண்ணெயையே காணாத வீட்டுக் குழந்தைக்கு இந்தத் தாளை அப்படியே கொடுத்தால், தொடங்கும்போதே ஒரு புள்ளி போய்விடும். இன்னொன்றும் உண்டு: மொத்தம் 6 எடுத்த இரு குழந்தைகளில் ஒருத்தி காலை உணவைத் தவறவிடாமல் பழம் தொடாதவளாகவும், மற்றவள் நேர்மாறாகவும் இருக்கலாம். இருவரிடமும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியுமா? ஒரு தாளின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட, உளவியலாளர் கிரான்பாக் 1951-இல் தந்த ஆல்ஃபா கெழு என்னும் எண் 0.7-ஐத் தாண்டினால் நம்பகத்தன்மை உறுதியாகிவிட்டது என்று எழுதும் ஆய்வு மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று: ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டாலும் அந்த எண் உயரும். பழங்கள் சாப்பிடும் குழந்தை சீக்கிரம் உறங்கச் செல்ல வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை; பழக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பது கருவியின் குறையாகாது. மாறாமல் அளக்கும் நம்பகத்தன்மை வேறு, அளக்க நினைத்ததையே அளக்கும் ஏற்புடைமை வேறு. தினமும் ஐந்து நிமிடம் பிந்தியே ஓடும் கடிகாரமும் மாறாமல்தான் ஓடுகிறது.

எடையைப் பற்றி ஒரு சொல் மட்டும். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பெறும் உடல் நிறைக் குறியெண் ஒரு பழக்கம் அன்று. வளர்ச்சி, பருவமடைதல், மரபு, நோய், உணவு எல்லாம் சேர்ந்த விளைவு அது. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதினருக்கென 2007-இல் தந்த அட்டவணையில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்தே அதைப் படிக்க வேண்டும். வகுப்பின் நடுவே தராசை வைத்து, எண்ணை உரக்கப் படித்து எழுதும் வழக்கத்தை, எங்கே நடந்தாலும், நாம் இன்றோடு நிறுத்த வேண்டும். அந்த எண் வகுப்புத் தோழர்கள் வாயில் எத்தனை ஆண்டு வாழும் என்பது அந்தக் குழந்தைக்குத்தான் தெரியும்.

1982-இல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே நாடுகளின் ஆய்வாளர்கள் தொடங்கி, 11, 13, 15 வயதினரிடம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் பன்னாட்டு ஆய்வில் மாணவர் தம் பெயரை எழுதுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் பள்ளி மாணவர் நல ஆய்விலும் அப்படித்தான். அவை உணவையும் விளையாட்டையும் கேட்பதோடு, நண்பர்கள் இருக்கிறார்களா, யாரேனும் துன்புறுத்துகிறார்களா, வீட்டில் உன் கவலையைப் புரிந்துகொள்கிறார்களா என்றும் கேட்கின்றன. இதை நான் மிகவும் மதிக்கிறேன். இரவு உணவு எத்தனை மணிக்கு என்பதையோ, வீட்டருகே ஓட இடம் உண்டா என்பதையோ குழந்தை முடிவு செய்வதில்லை. வாய்ப்பைக் கேட்காமல் பழக்கத்தை மட்டும் கேட்கும் தாள், பெரியவர்கள் விட்ட குறையைக் குழந்தையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பிறகு நாங்கள் எங்கள் தாளை ஓரமாக வைத்தோம். பெயர் எழுதும் இடத்தை நீக்கினோம். நிரப்பும் நேரத்தில் வகுப்பாசிரியரை வெளியே இருக்கக் கேட்டுக்கொண்டோம். இதற்குச் சரி, தவறு இல்லை என்பதை முதல் வரியாக அச்சிட்டு, உரக்கவும் படித்தோம். அதற்கெல்லாம் முன்னதாக, பத்துப் பன்னிரண்டு குழந்தைகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து, கேள்வியைப் படிக்கும்போது மனத்தில் என்ன தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். ஆய்வு மாணவர்களே, உங்கள் காலத்தில் ஒரு வாரத்தையாவது இதற்குக் கொடுங்கள்.

அவளையும் அப்படி அழைத்து உட்கார வைத்தேன். எண் எதுவும் கேட்கவில்லை. இன்று காலை எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வந்தது வரை சொல் என்றேன். "அம்மா ராத்திரி வேலைக்குப் போயிருந்தாங்க. அவங்க வர்ற வரைக்கும் டிவி பாத்துட்டே முழிச்சிருந்தேன். காலைல எழுந்திரிக்க லேட்டாயிடுச்சு. தம்பிக்கு மட்டும் ஊட்டிவிட்டுட்டு ஓடி வந்துட்டேன்" என்றாள். உறக்கம், திரை, உணவு, ஓட்டம் நான்கும் அந்த விடையில் இருந்தன. எங்கள் தாளில் அதை எழுதக் கட்டம் எதுவும் இல்லாததால், நான்காவது கேள்வியின் ஓரத்தில், அழிந்திருந்த 3-க்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.