ஃப்ளைட் ஜாக்கெட்டை உட்கார்ந்து பாருங்கள்

வணக்கம். போன பெல்ட் வீடியோவுக்குக் கீழே குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, மிலிட்டரி மாடல் ஃப்ளைட் ஜாக்கெட் வாங்கலாம்னு இருக்கேன். நல்ல ஜாக்கெட்டுன்னா அதில் என்னென்ன இருக்கணும்? நம்ம ஊரில் போட முடியுமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். மரமில்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொல்வார்கள். ஜாக்கெட் போட முடியாத வெயில் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை விடியற்காலையில் பைக் ஓட்டினால் போடலாம். அவ்வளவுதான்.

முதல் கேள்விதான் என்னை மூன்று நாளாகக் குடைந்தது. யாரைக் கேட்டாலும் தோலில்தான் ஆரம்பிப்பார்கள். குதிரையா, மாடா, ஆடா என்று. நம் பழைய ஆட்களுக்குத் தெரியும், செருப்பு வீடியோவிலேயே சொன்னேன்: போட்டுக்கொள்பவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று முதலில் பார். ஃப்ளைட் ஜாக்கெட் விமானிக்காகத் தைத்தது. விமானி என்ன செய்கிறான்? உட்கார்ந்திருக்கிறான். மணிக்கணக்காக, ஒடுக்கமான இடத்தில், பெல்ட் கட்டிக்கொண்டு, கையை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். ஃப்ளைட் ஜாக்கெட் உட்கார்ந்திருப்பவனின் சட்டை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஏன் இடுப்போடு நிற்கிறது? நீளமாக இருந்தால் உட்காரும்போது மடியில் சுருண்டு மேலே ஏறும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கார்மெண்ட் யூனிட்டில் கட்டிங் டேபிளில் இருந்த காலம். நண்பன் ஒருவனுக்குச் சொந்தமாக ஒரு ஜாக்கெட் வெட்டினேன். நிற்க வைத்து அளவெடுத்து, அழகுக்காக மூன்று விரல் நீளம் கூட வைத்தேன். கண்ணாடி முன்னால் நின்றான், ராஜா மாதிரி இருந்தான். புல்லட்டில் உட்கார்ந்தான், ஜிப் வயிற்றில் புடைத்தது, காலர் தாடையை இடித்தது. "மச்சான், தலையை உள்ளே இழுத்த ஆமை மாதிரி இருக்கேன்டா" என்றான். அந்த ஜாக்கெட் இன்னும் அவன் வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது.

அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு 1931-இல் வந்த ஏ-2 ஜாக்கெட்டைப் பாருங்கள். பெரும்பாலும் குதிரைத் தோல். இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டை, ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு தோல் பட்டை. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். லடாக்கில் இருந்துவிட்டு வந்த அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார், "குளிர் கதவு வழியா வராதுப்பா, சந்து வழியாத்தான் வரும்" என்று. அந்தச் சந்துகளை அடைக்கத்தான் இந்தப் பின்னல் பட்டை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஏழாயிரம் மீட்டரில் என்ன கதி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால்தான் குண்டுவீச்சு விமானத்தில் போனவர்களுக்கு ஏ-2 போதாமல், கம்பளி உள்ளே இருக்கும் பி-3 என்ற செம்மறித் தோல் ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள்.

அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் எனக்குப் பிடித்தது. வெள்ளாட்டுத் தோல், ரோமக் காலர். முதுகில் தோளை ஒட்டி இரண்டு பக்கமும் மடிப்பு உண்டு, கையை முன்னால் நீட்டினால் விரியும். மறுபடியும் பார்த்தீர்களா? உட்கார்ந்து கை நீட்டுபவனுக்கு வெட்டியது.

ஜெட் வந்ததும் தோல் போய் நைலான் வந்தது. காக்பிட் ஒடுக்கம், ஈரமான தோல் உயரத்தில் விறைத்துப்போகும். 1950-களில் வந்த எம்ஏ-1 என்ற நைலான் ஜாக்கெட்டில் ரோமக் காலரையும் எடுத்துவிட்டார்கள், பாராசூட் பட்டையோடு சிக்குகிறது என்று. பின்னாளில் உள்ளே ஆரஞ்சு நிறத் துணி வைத்தார்கள். விழுந்தவன் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் தேடுபவர் கண்ணில் படுவான். இப்போது கல்யாண வீட்டில் போடுகிறார்கள், தேட வேண்டிய அவசியமே இல்லை. நைலான் நெருப்பில் உருகி உடம்பில் ஒட்டும் என்பதால் 1970-களில் நெருப்பில் உருகாத நோமெக்ஸ் துணிக்குப் போனார்கள்.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தோலை எப்படிச் சேர்க்கிறார்கள்? யாரும் கேட்பதில்லை. வெள்ளாட்டுத் தோல் ஒன்று நாலைந்து சதுர அடிதான் வரும். ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழெட்டு ஆடு. எட்டு ஆட்டுக்கும் எட்டு விதச் சாயம் ஏறும், எட்டு விதப் புள்ளி இருக்கும். முதுகுத்தோல் கெட்டி, வயிற்றுத்தோல் இழுபடும். எங்கள் கட்டிங் மாஸ்டர் விளக்கைப் போடவே மாட்டார். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் தோலை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வயிற்றுத்தோலை முன்பக்கம் வைத்தால் ஒரே வருஷத்தில் ஜிப் பக்கம் தொங்கிவிடும். அதனால் கெட்டியான முதுகுத்தோல் முன்பக்கத்துக்கும் ஜாக்கெட்டின் முதுகுக்கும். மிச்சம் காலருக்கு அடியில், பாக்கெட்டுக்கு உள்ளே போகும். இரண்டு முன்பக்கமும் ஒரே நிறமாக இருக்கிறதா, ஜிப்புக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளி இழுத்தால் திரும்பி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிராண்ட் பெயரை அப்புறம் பார்க்கலாம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நிற்காதீர்கள். ஒரு ஸ்டூல் கேளுங்கள். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, உட்கார்ந்து, பைக் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது, முதுகு மேலே ஏறக்கூடாது, காலர் தாடையைத் தொடக்கூடாது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அவரிடம் ஸ்டூல் இல்லாவிட்டால் வெளியே நிற்கும் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, அடுத்த கேள்வி வாணியம்பாடியிலிருந்து, ஷூ பூஞ்சை பற்றி.