பஜ்ஜி தின்றேன் என்று சொல்ல ஒரு வீடு வேண்டும்

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம். தீராத குடல் நோயோடு வளரும் பிள்ளையின் மனதுக்குப் பலம் பெற்றோரின் காவலா, நம்பிக்கையா என்பது தலைப்பு. நான் நம்பிக்கை கட்சி.

எதிரணித் தம்பி என்ன கேட்டார்? "நம்பிக்கை நம்பிக்கைன்னு விட்டா பிள்ளை ரோட்டுக் கடையில பஜ்ஜி தின்னுட்டு ஆஸ்பத்திரியில கிடக்கும், அப்ப உங்க நம்பிக்கையா வந்து ட்ரிப்ஸ் ஏத்தும்?" நல்ல கைதட்டல் வாங்கினார். தம்பி, என் மகள் பஜ்ஜி தின்றாள். அந்தக் கதையையே சொல்கிறேன்.

11 வயதில் அவளுக்கு க்ரோன்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் புண் வரும், அடங்கும், திரும்பவும் வரும். வளர்த்தி குறையும், வயதுக்கு வருவதுகூடத் தள்ளிப்போகும், ஸ்டீராய்டு கொடுத்தால் முகம் ஊதிப்போகும். கண்ணாடி முன்னால் நிற்கிற வயதில் இதெல்லாம் வந்தால் மனசு என்ன பாடுபடும்? இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

நான் என்ன செய்தேன்? தம்பி சொன்ன அதே காவல்தான். கழிவறை வாசலில் நின்று "எத்தனை தடவை? ரத்தம் இருந்துச்சா?" என்று கேட்பேன். ஒரு கல்யாணப் பந்தி, சொந்தக்காரர்கள், அத்தை மகன்கள், அவளோடு படிக்கிற பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் கை வடைக்குப் போகிறது, நான் இந்தக் கோடியிலிருந்து கத்துகிறேன்: "அதத் தொடாத, காலையிலேயே நாலு தடவை போயிருக்க!" சாம்பார் வாளியோடு வந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். அவள் இலையை மூடினாள். வரிசை முழுக்கச் சாப்பிட்டு எழுந்திருக்கிறவரை, மூடிய இலைக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பந்தி முடிந்தும் எழவில்லை ஐயா. நான் போய்க் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் மாத்திரைகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. என் கண் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் எடுத்து வைத்தவை. நான் காத்த காவலுக்குக் கிடைத்தது அதுதான் தம்பி.

அன்றைக்கு மாத்திரை டப்பாவை அவள் கையிலேயே கொடுத்தேன். டாக்டரிடம் அவளே பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும். அப்புறம் ஒரு சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கிறாள். "அம்மா, பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மிளகாய் பஜ்ஜி தின்னுட்டேன். ரொம்ப வலிக்குது." தம்பி, ட்ரிப்ஸ் ஏற்றியது நர்ஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வைத்தது எது? அவளே வந்து சொன்னாளே, அது. பந்தியில் நான் கத்திய நாட்களில் தின்றிருந்தால் சொல்லியிருப்பாளா? போர்வைக்குள் சுருண்டு கிடந்திருப்பாள்.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று. ஸ்டீராய்டுக்குப் பதிலாக 6 முதல் 8 வாரம் சத்து பானம் மட்டுமே கொடுக்கிற சிகிச்சை உண்டு. ஒரு வாய் சோறு கிடையாது. அந்த வாரங்களில் நாங்கள் அவள் கண்ணில் படாமல் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம். ஒரு ராத்திரி டம்ளரோடு வந்து நின்றாள். "ஏம்பா திருடன் மாதிரி சாப்பிடுறீங்க? தட்டை எடுத்துட்டு என் பக்கத்துல வந்து உட்காருங்க."

அவள் அப்பா உட்கார்ந்தார். பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை அவருக்கு. அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ம், இப்ப நீங்க" என்றாள். ஒரு மடக்கு அவள், ஒரு வாய் அவர். தட்டு காலியாகிறவரை.

வணக்கம்.