மழை லில்லி பூக்கலையா? ரெண்டு வாரம் தண்ணியை நிறுத்திப் பாருங்க!

ராத்திரி இடி மின்னலோட கொட்டித் தீர்க்குது. நாலாவது நாள் காலையில பார்த்தா, புளோக்குக்குக் கீழ புல்வெளி ஓரம் பூரா ரோஸ் கலர்ல பூத்துக் கிடக்கு. அதே செடி உங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) காரிடார் தொட்டியில மட்டும் புல்லுக்கட்டு மாதிரி நிக்குது. தினமும் தண்ணி ஊத்துறீங்க, உரமும் போடுறீங்க. அந்தத் தினசரித் தண்ணிதான் பூவைத் தடுக்குது!

வணக்கம். இது மழை லில்லி. தாவரவியல் பேரு செஃபிராந்தஸ். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ரோஸ், வெள்ளை, மஞ்சள் மூணுமே நம்ம சிங்கப்பூர்ல நல்லா வரும்.

டியூலிப் கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது மலைநாட்டுக் கிழங்கு. 9 டிகிரிக்குக் கீழ 12லேருந்து 16 வாரம் குளிர் பட்டாத்தான் ஒழுங்கா பூக்கும். ஃபிரிட்ஜுல வச்சு எடுத்து நட்டா ஒரு தடவை பூக்கலாம். பக்கத்துல பழுத்த ஆப்பிள் இருந்தா, அது விடுற எத்திலீன் வாயு கிழங்குக்குள்ள இருக்குற மொட்டையே கருக்கிடும். எப்படியும் அடுத்த வருஷம் நம்ம சூட்டுல பூக்காது. டியூலிப்பைக் கரையோரப் பூந்தோட்டங்கள்ல கண்குளிரப் பாருங்க, காசை மழை லில்லியில போடுங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டியூலிப்புக்குப் பனிக்காலம் எப்படியோ, மழை லில்லிக்கு வறட்சி அப்படி. மண்ணு காயும்போது புது இலை விடுறது நிக்கும். ஆனா கிழங்குக்குள்ள மொட்டு ஏற்கெனவே உருவாகித் தயாரா உக்காந்திருக்கும். திடீர்னு வேர் முழுக்க நனைஞ்சதும், தண்டு தண்ணியை உறிஞ்சிக் கிடுகிடுன்னு நீளும். அதனாலதான் மூணுலேருந்து அஞ்சு நாள்ல பூ வந்துடுது. இனிமே உருவாகணும்னா இந்த வேகம் வராது!

காரிடார்ல மழை படலையேன்னு கவலைப்படுறீங்களா? அதுதாங்க வசதி! எப்ப காயணும், எப்ப நனையணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். ரெண்டுலேருந்து மூணு வாரம் தண்ணியை நிறுத்துங்க. இலை நுனி மஞ்சளானா பயப்படாதீங்க, அதை வெட்டவும் செய்யாதீங்க. கிழங்குக்குச் சாப்பாடு அந்த இலையிலேருந்துதான். அப்புறம் ஒரு சாயங்காலம், அடித்துளை வழியா ஒழுகுற வரைக்கும் ஊத்துங்க. அரைமணி விட்டு இன்னொரு தடவை ஊத்துங்க, ஏன்னா காஞ்ச மண்ணு முதல் தண்ணியைப் பிடிக்காம ஓரமா ஓட விட்டுடும். பலபேரு ஒரு குவளை ஊத்திட்டுக் காத்திருப்பாங்க. மேல் மண்ணு மட்டும் நனைஞ்சா பூ வராது.

ஒவ்வொரு பூவும் ஒண்ணு ரெண்டு நாள்தான் நிக்கும். வாடினதும் பழையபடி தண்ணி ஊத்தி, ரெண்டு மாசமாவது இலையை நல்லா வளர விட்டு, அப்புறம் மறுபடியும் காயப் போடுங்க.

நடுறதுக்கு: 20 சென்டிமீட்டர் தொட்டியில எட்டுலேருந்து பத்து கிழங்கு, கூர்முனை மேல, ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம். தொட்டி மண்ணு ரெண்டு பங்கு, பெர்லைட் (தண்ணி வடிய உதவுற வெள்ளைக் குருணை) ஒண்ணு, கரடுமணல் ஒண்ணு. களிமண்ணு வேண்டாம், கிழங்கு கொழகொழன்னு அழுகிடும். நாலு மணி நேரமாவது நேர்வெயில் வேணும். தழைச்சத்து உரத்தைக் குறைங்க, இலைதான் கொழுக்கும். நெருக்கமா வளந்தா சந்தோஷமா விட்டுடுங்க. நெரிசல்ல இது நல்லாவே பூக்கும்.

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட புழுவைப் பார்த்தா அன்னிக்கே பொறுக்கி எடுங்க. இலையைத் தின்னுட்டுக் கிழங்குக்குள்ளேயும் துளைச்சுப் போகும். தட்டுல தேங்குற தண்ணியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டுங்க, கொசுவுக்கு ஒரு வாரம் போதும்.

இதை மட்டும் கட்டாயம் கேளுங்க. இந்தக் கிழங்கு அச்சு அசலா சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனா விஷம். சமையல்கட்டுப் பக்கமே வைக்காதீங்க. பூனை, குழந்தை கைக்கும் எட்டக்கூடாது.

தேக்கா மாலைக் கடையில மணக்குற சம்பங்கியும் கிழங்குச் செடிதான். அதுக்கு முழு வெயில் வேணும், காரிடார்ல வைக்க நான் சொல்ல மாட்டேன்.

தண்ணியை நிறுத்துற தேதியை இன்னிக்கே தொட்டியில எழுதி ஒட்டுங்க. நனைச்ச எத்தனாவது நாள் பூத்துச்சு, உங்க காரிடார் கிழக்கா மேற்கா, கமெண்ட்ல போடுங்க. ஒவ்வொண்ணையும் படிப்பேன்.